மறு: ஃபிளேம் சென்சார் – தீயுணரியா, சுடருணரியா?

அன்புள்ள ஐயா,

ரோபோவில் சுடரைக் கண்டறியப் பொருத்தும் ஃபிளேம் சென்சாருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது பற்றி நீங்கள் எழுதியதற்கு என் பதில் இது.

> "தீயுணரி" என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் தப்பாகப் புரியுமே என்பதுதான் என் கவலை. கட்டடக் கூரையில் பொருத்துவதில் புகையை அறிவது உண்டு, சூட்டை அறிவதும் உண்டு. எல்லாமே தீயுணரிதான். தீயணைப்பு ரோபோ செய்கிற பிள்ளைகளுக்கோ அந்த வேறுபாடுதான் உயிர். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரியில் நடந்துவந்த, 1994இல் தொடங்கிய தீயணைப்பு ரோபோ போட்டியில், நான்கு அறை கொண்ட சின்ன வீட்டுக்குள் எரியும் ஒரு மெழுகுவர்த்தியை ரோபோ தேடி அணைக்க வேண்டியிருந்தது. புகை கூடுவதற்கோ அறை சூடாவதற்கோ நேரமில்லை. சுடரைத்தான் பிடிக்க வேண்டும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு முனை உணரி 760 முதல் 1100 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்பைப் பார்க்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. மேற்குச் சன்னலில் சாயங்கால வெயில் விழுந்தபோது எங்கள் ரோபோ அதன்முன் நின்று விசிறியைச் சுழற்றியது. குண்டு பல்புக்கும் அப்படியே. ஹமாமட்சு என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஆர்2868 என்ற உணரிக் குழல் வேறு வகை. அது 185–260 நானோமீட்டர் புற ஊதாவை மட்டும் பார்க்கும். சூரியனிலிருந்து வரும் அந்த அலைகளை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுவதால் வெயில் அதை ஏமாற்றாது. வெல்டிங் பொறி ஏமாற்றும். அப்புறம், அறையில் சுடர் உண்டா இல்லையா என்றுதான் சொல்லுமே தவிர, எந்தத் திசை என்று சொல்லாது. முந்நூறு வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தமும் கேட்கும், அதனால் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது கவனம் வேண்டும்.

> "தழலுணரி" இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான். ஆனால் தழல் என்றதும் அடுப்புக் கங்கு நினைவுக்கு வருகிறது. கங்கு அகச்சிவப்பை அள்ளி வீசும், அதில் சுடர் கிடையாது. புற ஊதாக் குழல் கங்கின் முன்னால் பேசாமல் இருக்கும். தமிழில் தழலுக்கும் சுடருக்கும் உள்ள இந்த வேறுபாடு கருவியிலும் அப்படியே இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? சுடர் என்றால் ஞாயிறும் ஆகுமே என்று கேட்கலாம். செய்யுளில் ஆகும். இன்றைய பேச்சில் சுடர் என்றால் திரியின் மேல் நிற்பதுதான். இலங்கைப் பாடநூல்களில் உள்ள "சுவாலை" பழகிய சொல்தான், ஆனாலும் "சுவாலையுணரி" நாக்கில் நீள்கிறது.

எனவே சுடருணரி. அடைமொழி சேர்த்தால் அகச்சிவப்புச் சுடருணரி, புற ஊதாச் சுடருணரி என்று ஒழுங்காக வரும்.

திசை காட்ட வைக்கும் பானசோனிக் ஏஎம்ஜி8833 என்ற உணரி மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. 64 புள்ளிகளில் வெப்பநிலையை அளக்கிறது, கையை நீட்டினால் கையும் தெரிகிறது. அது வெப்ப உணரி. அதனுள் இருக்கும் தெர்மோபைலுக்கு, அதாவது பல தெர்மோகப்பிள்களைத் தொடராக இணைத்த அமைப்புக்கு, தெர்மோகப்பிளுக்கு "வெப்ப மின்னிரட்டை" என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால், "வெப்ப மின்னடுக்கு" என்று எழுதி வருகிறேன். சரியா ஐயா?