பங்களிப்பாளரின் தனியுரிமைக்காகக் கிட் வரலாற்றை முழுவதுமாக அழிக்க வேண்டுமா?

கேள்வி:

வணக்கம். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியைக் கொண்டு கிட்ஹப் தளத்தில் பொதுவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சொற்பிழை திருத்திக்குத் தொடக்கத்திலிருந்தே நிரல் எழுதிவரும் ஒருவர், தம்முடைய பழைய பெயரும் தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியும் கமிட்டுகளில் (பதிவான மாற்றங்களில்) எவரும் பார்க்கும்படி இருப்பதால், அவற்றை நீக்கித் தருமாறு கேட்டிருக்கிறார். காரணத்தை நாங்கள் கேட்கவில்லை, கேட்பதும் முறையன்று. முன் வரலாறு இல்லாத ஆர்ஃபன் கிளை ஒன்றை உருவாக்கி, இன்றைய கோப்புகளை ஒரே கமிட்டாக இட்டு, பழைய வரலாற்றைக் கைவிட்டுவிடலாம் என்று பராமரிப்பாளர்களில் சிலர் சொல்கிறார்கள். பழைய பெயருக்கும் முகவரிக்கும் பதிலாகப் புதியதைக் காட்டச் சொல்லும் மெயில்மேப் கோப்பு ஒன்றைச் சேர்த்தாலே போதும் என்பது மற்றவர்களின் கருத்து. எந்த வழியில் செல்வது நல்லது?

மறுமொழி 1:

இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மெயில்மேப் கோப்பானது, வரலாற்றைக் காட்டும் கிட் லாக் போன்ற கட்டளைகளில் தெரியும் பெயரை மட்டுமே மாற்றுகிறது. கமிட்டுக்குள் பழைய விவரம் அப்படியே இருக்கும். மேலும் அந்தக் கோப்பில் புதிய பெயருக்குப் பக்கத்திலேயே பழைய முகவரியையும் எழுத வேண்டியிருப்பதால், எந்தத் தொடர்பை மறைக்க வேண்டுமோ அதையே களஞ்சியத்தில் வெளிப்படையாக எழுதி வைத்ததாகிவிடும். ஆர்ஃபன் கிளையோ ஒருவருக்காக மற்ற எல்லோருடைய உழைப்பின் பதிவையும் அழித்துவிடும். ஒரு பிழைதிருத்த விதி ஏன் எழுதப்பட்டது என்று பின்னாளில் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது.

வரலாற்றை மாற்றி எழுதும் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். ஃபில்டர்-பிராஞ்ச் என்ற பழைய கட்டளைக்குப் பதிலாக இதையே கிட்டின் ஆவணமும் பரிந்துரைக்கிறது. புதிதாக ஒரு மிரர் குளோன் (களஞ்சியத்தின் முழு நகல்) எடுத்து, களஞ்சியத்துக்கு வெளியே வைத்த மெயில்மேப் கோப்பை இக்கருவியிடம் கொடுத்தால், ஆசிரியர், கமிட் செய்தவர், டேக் (பதிப்புக் குறி) இட்டவர் ஆகிய மூன்று இடங்களிலும் விவரம் மாறிவிடும். புதிய முகவரியாகக் கிட்ஹப் தரும், உண்மை முகவரியை மறைக்கும் நோரிப்ளை முகவரியை வைக்கலாம். ஒவ்வொரு கமிட்டின் அடையாளமான ஹாஷும் அதற்கு முந்தைய கமிட்டின் ஹாஷையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், அவருடைய முதல் கமிட்டிலிருந்து எல்லா ஹாஷ்களும் மாறும். கையொப்பமிட்ட கமிட்டுகளின் பழைய கையொப்பங்களும் செல்லாமல் போகும். ஆகவே நிலுவையிலுள்ள புல் ரிக்வெஸ்டுகளை (மாற்றங்களை இணைக்கக் கோரும் வேண்டுகோள்களை) முன்னதாகவே இணைத்தோ மூடியோ விடுங்கள்.

கேட்டவர்:

நன்றி. நகலில் செய்து பார்த்தோம். ஆசிரியர் விவரம் சரியாக மாறியது. ஆனால் கமிட் செய்திகளின் அடியில் வரும் இணை ஆசிரியர் வரிகளிலும், பங்களிப்பாளர் பட்டியல் கோப்பின் பழைய பதிப்புகளிலும் பெயர் இன்னும் இருக்கிறது. ஃபோர்க்குகளை (பிறர் தம் கணக்கில் எடுத்த நகல்களை) என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

மறுமொழி 2:

செய்திகளுக்கு ‘ரீப்ளேஸ்-மெசேஜ்’, கோப்புகளுக்கு ‘ரீப்ளேஸ்-டெக்ஸ்ட்’ என்று அதே கருவியில் இரண்டு தெரிவுகள் உள்ளன. இவற்றுக்குக் கொடுக்கும் விதிக் கோப்பில் ‘பழையது==>புதியது’ என்று வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். உங்கள் திட்டத்தில் இரண்டாவது தெரிவை மிகுந்த கவனத்துடன் கையாளுங்கள். அது எல்லாக் கோப்புகளிலும் மாற்றும் என்பதால், அவருடைய பெயர் மலர், கனி போன்ற வழக்குச் சொல்லாக இருந்தால், சொற்பட்டியலில் உள்ள அந்தச் சொல்லும் சேர்ந்து மாறிவிடும். பெயரையும் முகவரியையும் சேர்த்த முழு வரியையே விதியாக எழுதுங்கள்.

மாற்றிய வரலாற்றைப் பழையதன் மேல் ஃபோர்ஸ் புஷ் செய்த (வலிந்து ஏற்றிய) பின்னும் பழைய கமிட்டுகள் மறைந்துவிடுவதில்லை. புல் ரிக்வெஸ்டுகளுக்காகப் பழைய கமிட்டுகளைச் சுட்டும் குறிப்புகளைக் கிட்ஹப் தானே வைத்திருக்கிறது. நம்மால் அவற்றை மாற்ற முடியாது. அவற்றையும் தற்காலிகச் சேமிப்புகளையும் நீக்க அவர்களுடைய உதவிக் குழுவுக்கு எழுத வேண்டும். ஃபோர்க் வைத்திருப்பவர்களிடம் தனித்தனியாகக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் போன்ற காப்பகங்களில் பிரதி இருந்தால் அங்கும் தனியே கோர வேண்டும். எங்கெல்லாம் தம் பெயர் எஞ்சியிருக்கக்கூடும் என்பதைப் பணி தொடங்கும் முன்பே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எல்லாம் அழிந்துவிட்டது என்று அவர் நம்பியிருப்பது, பெயர் வெளியில் இருப்பதைவிட ஆபத்தானது.

பழைய குளோனில் வேலை செய்யும் ஒருவர் மெர்ஜ் செய்து (இணைத்து) புஷ் செய்தால் பழைய வரலாறு முழுவதும் திரும்ப வந்துவிடும். அதனால் எல்லோரும் புதிதாகக் குளோன் எடுக்கும் வரை புஷ் உரிமையைப் பராமரிப்பாளர் ஒருவரிடம் மட்டும் வைத்திருங்கள். பழைய ஹாஷையும் புதிய ஹாஷையும் இணைத்துக் கருவி எழுதித் தரும் கமிட்-மேப் கோப்பை வெளியிட வேண்டாம். அது பழைய கமிட்டுகளுக்கு நேரே வழிகாட்டும். அறிவிப்பிலும் வரலாறு மாற்றி எழுதப்பட்டது, புதிதாகக் குளோன் எடுக்கவும் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாருக்காக மாற்றப்பட்டது என்று கேட்பவர்களுக்குக்கூட அதைச் சொல்ல வேண்டியதில்லை.