முதலாம் ஆண்டு எம்பிபிஎஸ்: இதயத்தை மூன்று துறையும் ஒரே வாரத்தில் எடுக்க முடியுமா?

நாடித்துடிப்பு:
2019இல் சிபிஎம்இ (திறன் அடிப்படையிலான மருத்துவக் கல்வி) பாடத்திட்டம் வந்தபோதே ஒருங்கிணைந்த கற்பித்தல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அனாட்டமியில் (உடற்கூறியல்) தொராக்ஸ் (மார்புப் பகுதி) டிசெக்‌ஷன் (உடலை அறுத்துப் படிப்பது) நடக்கும் வாரத்தில் பிசியாலஜியில் (உடலியங்கியல்) சிறுநீரகம் ஓடுகிறது, பயோகெமிஸ்ட்ரியில் (உயிர்வேதியியல்) என்சைம். மூன்று துறையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து உறுப்பு மண்டல வாரியாக அட்டவணை போட்டால் என்ன?

மேசை ஏழு:
பாடி (இறந்தவர் உடல்) மண்டல வாரியா அறுபடாதே சார். கை, கால், தொராக்ஸ், அப்டமன் (வயிறு), தலை-கழுத்துன்னு பகுதி பகுதியாத்தான் போகும். தொராக்ஸைத் திறந்தா இதயம், நுரையீரல், மீடியாஸ்டினம் (ரெண்டு நுரையீரலுக்கும் நடுப்பகுதி) மூணையும் சேர்த்து முடிக்கணும். இதயம் இப்ப, நுரையீரல் மூணு மாசம் கழிச்சுன்னு விட்டா காய்ஞ்சு போயிடும். மணிக்கணக்கும் பாருங்க. 2019 பட்டியல்ல அனாட்டமி 675, பிசியாலஜி 495, பயோகெமிஸ்ட்ரி 250. கை எலும்புக்கு இணையா பயோகெமிஸ்ட்ரில எதை வைப்பீங்க?

நாடித்துடிப்பு:
டிசெக்‌ஷன் வரிசையை நான் தொடச் சொல்லவில்லை. நகர வேண்டியது பிசியாலஜி. பொதுப் பகுதியும் இரத்தமும் எதோடும் ஒட்டாதவை, அவற்றை முதலிலேயே முடித்துவிடலாம். பிரேக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) நடக்கும்போது நரம்பு-தசை. தொராக்ஸோடு இரத்த ஓட்டமும் சுவாசமும். அப்டமனோடு செரிமானமும் சிறுநீரகமும். தலை-கழுத்து, மூளையோடு மைய நரம்பு மண்டலம். கணையத்தைக் கையில் எடுக்கும் வாரத்தில் பயோகெமிஸ்ட்ரி இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு வரலாம். மீதியை அந்தத் துறை தன் வரிசைப்படியே நடத்தட்டும். எல்லாத் தலைப்பையும் ஒட்டவைக்கப் பார்ப்பதால்தான் இது தோற்கிறது. ஐந்தாறு இடத்தில் ஒட்டினால் போதும்.

மேசை ஏழு:
ஐந்தாறு இடம்னா சரி. ஆனா இப்ப ஒரு துறை ஒரு வாரம் பின்தங்கினா அந்தத் துறையோட போச்சு. உங்க அட்டவணைல பிசியாலஜி சறுக்கினா மத்த ரெண்டும் சேர்ந்து சறுக்கும். இன்னொண்ணு, வருகைப்பதிவு. ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி 75 சதவீதம், பிராக்டிகல் 80 சதவீதம் தனித்தனியா காட்டணும். மூணு துறை சேர்ந்து எடுத்த ரெண்டு மணி நேரம் யார் ரெஜிஸ்டர்ல ஏறும்? இதை முன்னாடியே பிரிச்சு எழுதலேன்னா பரீட்சைக்கு முன்னாடி 74.5ல நிக்கிற பையனுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது.

நாடித்துடிப்பு:
வருகைப்பதிவு நியாயமான கேள்வி. கூட்டு வகுப்புக்கான மணிகளை அட்டவணையிலேயே துறை வாரியாக எழுதிவிட வேண்டும். முதல் ஒரு மணி அனாட்டமி, அடுத்த முக்கால் மணி பிசியாலஜி, கால் மணி பயோகெமிஸ்ட்ரி என்பதுபோல. வகுப்பு நடந்த பிறகு பங்கு பிரித்தால் சண்டைதான்.

வார்டு ரவுண்ட்ஸ்:
இருவரும் முதலாண்டிலேயே நிற்கிறீர்கள். இரண்டாம் ஆண்டில் சிக்கல் இன்னும் பெரிது. காலையில் மூன்று மணி நேரம் கிளினிக்கல் போஸ்டிங் (வார்டில் நோயாளிகளைப் பார்த்துக் கற்பது). 250 பேரைப் பத்து பேட்ச்சாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் மெடிசின் வார்டில் இருப்பது ஒன்றிரண்டு பேட்ச். மற்றவர்கள் சர்ஜரி, மகப்பேறு, குழந்தை மருத்துவம், ஆர்த்தோ என்று சிதறியிருப்பார்கள். மாரடைப்பின் பேத்தாலஜியை (நோயியல்) எந்த வாரம் எடுத்தாலும் முக்கால்வாசிப் பேர் அந்த நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார்கள். கால அட்டவணையால் இதைத் தீர்க்கவே முடியாது, கணக்கே இடம் கொடுக்காது. செய்யக்கூடியது ஒன்றுதான்: பேத்தாலஜி, பார்மகாலஜி (மருந்தியல்) இரண்டும் ஒரே கேஸ் ஷீட்டிலிருந்து (ஒரு நோயாளியின் விவரத் தாள்) தொடங்குவது. நெஞ்சுவலி வந்த நேரம், ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), கொடுத்த மருந்து எல்லாம் ஒரு தாளில் இருந்தால் வார்டுக்குப் போகாத பேட்ச்சுக்கும் பிடி கிடைக்கும்.

எஸ்டிஎல் (சுயகற்றல் வகுப்பு) பற்றியும் யாராவது பேசுங்கள். அட்டவணையில் 'சுயகற்றல்' என்று வெறுமனே எழுதியிருக்கும் மணி நேரம் ஹாஸ்டல் நேரம் என்று பொருள். ஒரு வாரம் முன்பே தலைப்பும் மூன்று கேள்வியும் கொடுத்து, கடைசிப் பத்து நிமிடம் நாலு பேரைக் கேட்டால்தான் அது வகுப்பு.

மேசை ஏழு:
கேஸ் ஷீட்டுக்கு என் ஓட்டு. முதலாண்டுக்கும் அதையே பண்ணலாம், வாரத்தை ஒட்டவைக்கிற தலைவலி இருக்காது.

நாடித்துடிப்பு:
முதலாண்டில் கேஸ் ஷீட் மட்டும் போதாது. கையில் இதயம் இருக்கும்போதே வால்வு ஏன் அந்த நொடியில் மூடுகிறது என்று கேட்பதற்கு அது ஈடாகாது. சறுக்கலுக்கு வழி: நான்கு வாரத்துக்கு ஒரு அரை நாளை எந்தத் துறைக்கும் ஒதுக்காமல் காலியாக விடுங்கள். பின்தங்கியவர் அதில் ஈடுகட்டட்டும். யாரும் பின்தங்காவிட்டால் லாக்புக்கில் (செய்த திறன்களுக்குக் கையெழுத்து வாங்கும் பதிவேடு) விடுபட்ட திறன்களைத் திரும்பச் செய்ய வைக்கலாம். ஆண்டுக் கடைசியில் ஒரே நாளில் நாற்பது கையெழுத்து போடும் கூத்தும் குறையும்.

மேசை ஏழு:
காலி அரை நாளா? இன்டர்னல் தேர்வு அட்டவணை போடறவர் கண்ணுல படாம வெச்சுக்குங்க.