முதல் உலகப்போரில் இறந்த பூட்டனார்: தகட்டில் பெயர் மட்டும் இருக்கிறது, எப்படித் தேடுவது?

செல்வி, நெல்லை:
அப்பாவின் தாத்தா பட்டாளத்துக்குப் போய் ஆப்பிரிக்காவில் இறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். பரணில் இருந்த தகரப்பெட்டியில் வட்டமான வெண்கலத் தகடு ஒன்று கிடைத்தது. சிங்கத்தோடு ஒரு பெண் நிற்கிறாள், பக்கத்தில் பூட்டனாரின் பெயர். எண், பதவி, படைப்பிரிவு எதுவும் இல்லை. கூடவே கறுத்துப்போன வெள்ளிப் பதக்கம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பாளை மைந்தன்:
அந்தத் தகட்டில் யாருக்குமே பதவி போடமாட்டார்கள் அம்மா. ஜெனரல் ஆனாலும் சிப்பாய் ஆனாலும் பெயர் மட்டும்தான். பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள், எண்ணும் படைப்பிரிவும் அங்கே பொறித்திருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். மெல்லிய துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

தளத்தில் தேடும்போது குடும்பப்பெயர் கட்டத்தில் அவர் பெயரையே போடுங்கள், முன்பெயரைக் காலியாக விடுங்கள். நம் ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அதனால் எண்ணையும் போட்டுத் தேடுவது நல்லது.

செல்வி, நெல்லை:
கிடைத்துவிட்டார்! 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 4 நவம்பர் 1914, டாங்கா (அப்போது ஜெர்மன்காரர் கையில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகம்). தகப்பனார் பெயரும் ஊரும் சரியாக இருக்கின்றன. ஆனால் அந்தப் படைப்பிரிவு சண்டையில் கலைந்து ஓடியதாகப் படித்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கர்னல் ஐயா (ஓய்வு):
முழுக்கதையையும் சொல்லுங்கள் மகளே. படைப்பிரிவு குலைந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் நடுவில் பம்பாயில் கப்பலேறியவர்கள், நெரிசலிலும் குமட்டலிலும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். பலர் கைக்குப் புதுத் துப்பாக்கி வந்ததே புறப்படும் நேரத்தில்தான். தாக்கப்போவதை ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் தளபதி முன்கூட்டியே டாங்காவில் அறிவித்துவிட்டார். அந்த இடைவெளியில் ஜெர்மன் தளபதி லெட்டோவ்-வோர்பெக் மோஷியிலிருந்து ரயிலில் ஆள் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நம் படைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் ஜெனரல் எய்ட்கென் சரியாக வேவு பார்க்காமலே, கண்மறைக்கும் தோட்டங்களுக்குள் படையை அனுப்பினார். போதாக்குறைக்கு, குண்டுச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டின. ஏறத்தாழ 8,000 பேர் போன படை, சுமார் ஆயிரம் பேரிடம் தோற்றது. மறுநாள் கப்பலேறும்போது 16 இயந்திரத் துப்பாக்கிகளையும் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

இத்தனை பேர் செய்த தவற்றைச் சிப்பாய்கள் தலையில் கட்டியது எனக்கு இன்றும் ஆத்திரம் தருகிறது. உங்கள் பூட்டனார் கப்பலுக்குத் திரும்பவில்லை, அந்த மண்ணிலேயே விழுந்தார். அப்பாவிடம் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

செல்வி, நெல்லை:
நன்றி ஐயா, இன்று ராத்திரியே சொல்கிறேன். டான்சானியாவில் இருக்கும் நம்மவர்கள் யாராவது டாங்கா பக்கம் போனால், அங்குள்ள போர் நினைவுக் கல்லறைத் தோட்டத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? படைப்பிரிவின் பெயர் தெரிகிற மாதிரி இருந்தால் போதும். அப்பாவுக்கு 81 வயது.