வயிறு மெத்தென்று இருக்கிறது, வலி மட்டும் தாங்கவில்லை: ராத்திரியே எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்?

இரவுப்பணி_பண்ருட்டி:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்கான கேள்வி. 5 முதல் 12 வயதுக்குள் பிள்ளை, திடீரென்று கடும் வயிற்றுவலி, ஒன்றிரண்டு வாந்தி, காய்ச்சல் இல்லை. வயிற்றை அழுத்தினால் இறுக்கமே இல்லை, ஆனால் பிள்ளை துடிக்கிறது. ஸ்கேனுக்குக் காலைவரை வழியில்லை. கையில் இருப்பது குளுக்கோமீட்டர், சிறுநீர் ஸ்ட்ரிப், ஆக்சிமீட்டர், டார்ச். குடல்வால், புழு, மலச்சிக்கல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அபூர்வமான காரணங்களில் விடியும்வரை காத்திருக்க முடியாதவை எவை? பட்டியல் புத்தகத்திலேயே இருக்கிறது, எனக்கு வேண்டியது வரிசை.

குழந்தை_அறுவை:
ஆண் பிள்ளை என்றால் முதலில் டிராயரைக் கழற்றிப் பாருங்கள். விரை முறுக்கிக்கொண்ட பையன் வெட்கத்தில் "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்வான். ஒரு பக்க விரை மேலேறிக் குறுக்காகக் கிடக்கும், உள்தொடையை வருடினால் அந்தப் பக்கம் மேலே இழுக்காது. 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் நேராக அறுவை வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்து வாந்தியின் நிறம். "பச்சையா?" என்று கேட்டால் எல்லா அம்மாவும் தலையாட்டுவார்கள். துணியில் பட்டதை டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். இலைப் பச்சையாக இருந்தால், வயிறு எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், பிறவியிலேயே சரியாகச் சுழலாத குடல் முறுக்கிக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இது கைக்குழந்தைக்கு மட்டும் வருவதில்லை, பத்து வயதிலும் வரும். வயிறு இறுகும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் குடல் கறுத்திருக்கும்.

இன்னொன்று: குடலேற்றம் என்று யாராவது எண்ணெய் தடவித் தட்டினார்களா, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். திட்டுவதற்காக அல்ல, வலி உண்மையில் எப்போது ஆரம்பித்தது என்பது அதில்தான் தெரியவரும்.

புதுவை_ஐசியூ:
மேலே சொன்னவை சரி. ஆனால் நம் பக்கத்தில் இதே சித்திரத்தோடு வரும் வேறொன்றை யாரும் சொல்லவில்லை. கட்டுவிரியன் பாம்புக்கடி.

தரையில் பாய் போட்டுத் தூங்கிய பிள்ளை, நடு ராத்திரியிலோ விடியற்காலையிலோ வயிற்றுவலியோடு எழுந்திருக்கிறது, வாந்தி, வயிறு மெத்தென்று இருக்கிறது. பல் மிக நுண்ணியது, வீக்கம் இருக்காது, கடி வலிக்காது, தடமும் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் "பாம்பு கடிச்சுதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே படுத்திருந்தான்?" நெல் மூட்டை அடுக்கிய வீடு, கூரை வீடு, முந்திரித் தோப்புக் காவல் குடிசை என்றால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

டார்ச் போதும். தலையை அசைக்காமல் மேலே உங்கள் விரலையே ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். இமை மெல்லச் சரிந்தால் அதுதான் முதல் அறிகுறி. "தூக்கக் கலக்கம்" என்று அம்மா சொல்வார், நம்பிவிட வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லுங்கள். எச்சிலை விழுங்குகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசைகள் தளர்கின்றன. ஆக்சிமீட்டரை நம்பி உட்காராதீர்கள், அது கடைசியில்தான் இறங்கும்.

20 நிமிட ரத்த உறைவுச் சோதனை கட்டுவிரியனில் இயல்பாகவே இருக்கும். அதை வைத்து விஷக்கடி இல்லை என்று எழுதக் கூடாது.

இரவுப்பணி_பண்ருட்டி:
நன்றி சார். இமை சரிகிறது, கடித்த தடம் இல்லை, பிள்ளை 15 கிலோ. ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) எவ்வளவு?

புதுவை_ஐசியூ:
10 குப்பி, பெரியவர்களுக்குப் போடும் அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. எடைக்கு ஏற்ப மாற்ற வேண்டியது கலக்கும் சலைனை மட்டும்: கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி., 1 மணி நேரத்தில் ஏற்றுங்கள். 1:1000 அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.லி. சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், ஒவ்வாமை வந்தால் தொடையில் தசைக்குள் போட வேண்டும்.

தசைத் தளர்ச்சியைத் திருப்பப் போடும் நியோஸ்டிக்மின் ஊசி நாகத்துக்குக் கேட்கிற அளவு இதற்குக் கேட்காது, விஷம் நரம்பு முனையையே கெடுக்கிறது. ஏ.எஸ்.வி.யும் ஏற்கெனவே வந்த வாதத்தை உடனே திருப்பிவிடாது. உயிரைக் காப்பது மூச்சுக்குழாயும் வென்டிலேட்டரும்தான். புதுவை ஜிப்மர் மருத்துவமனைக்கோ கடலூர் ஜி.எச்.சுக்கோ 108-இல் அனுப்பும்போது ஆம்பு பையை (கையால் மூச்சு கொடுக்கும் பை) அழுத்தத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். வழியில் கண்மணி விரிந்து அசைவற்றுப் போனாலும் மூளைச்சாவு என்று கைவிடக் கூடாது, இந்த விஷம் அப்படித்தான் காட்டும்.

இமை சரியவே இல்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றால் 24 மணி நேரம் கண்காணிப்பில் வையுங்கள், வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

குழந்தைநலம்_நெய்வேலி:
உங்களிடம் குளுக்கோமீட்டர் இருக்கிறதே, வயிற்றுவலி, வாந்தி என்று வரும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு குத்து. 200-க்கு மேல் சர்க்கரை, சிறுநீரில் கீட்டோன், ஆழமான வேகமூச்சு என்றால் அது வயிற்று நோயே அல்ல, சர்க்கரை நோயின் கீட்டோ அமிலத்தன்மை. இன்சுலினும் திரவமும் போனால் பெரும்பாலும் வலியும் போய்விடும்.

பிறகு பிட்டமும் கணுக்காலும். தடவினால் தட்டுப்படும், அழுத்தினால் மறையாத செம்புள்ளிகள் இருந்தால் ஐ.ஜி.ஏ. ரத்தக்குழாய் அழற்சி. சிக்கல் என்னவென்றால், சில பிள்ளைகளுக்கு வலி முதலில் வந்து புள்ளி பல நாள் கழித்து வரும். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் ரத்தமோ புரதமோ தெரிந்தால் விட்டுவிடாதீர்கள்.

மழைக்காலத்தில், காய்ச்சல் விட்ட மறுநாள் வரும் கடும் வயிற்றுவலி டெங்கு எச்சரிக்கை. ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) பார்க்காமல் குடல்வால் என்று கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது.

திரும்பத் திரும்ப வலி, கூடவே சோகை, மலச்சிக்கல் என்றால் ஈய நச்சு. நாட்டு மருந்து, பற்பம் ஏதும் கொடுத்தார்களா என்று அதட்டாமல் கேளுங்கள். போர்ஃபீரியா என்ற பரம்பரை நோய் வயசுக்கு வருவதற்கு முன் மிக அரிது, முதல் ராத்திரியிலேயே அதைத் தேட வேண்டாம்.

ஸ்கேன்_அறை:
காலையில் எங்களிடம் அனுப்பும்போது சீட்டில் "வயிற்றுவலி" என்று மட்டும் எழுதாதீர்கள், எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பச்சை வாந்தி என்று எழுதியிருந்தால்தான் குடல் ரத்தக்குழாய்கள் சுழன்றிருக்கின்றனவா என்று தேடுவோம், இயல்பாகத் தெரிந்தாலும் கான்ட்ராஸ்ட் எக்ஸ்ரே வேண்டும். பெண் பிள்ளைக்குச் சூலகத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதால் முறுக்கு இல்லை என்று சொல்ல முடியாது, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் அறுவை மருத்துவர் பார்க்கட்டும். 5 வயதுக்கு மேல் குடல் செருகினால் மெக்கல் பை (சிறுகுடலில் பிறவியிலேயே இருக்கும் பை), லிம்போமா (நிணநீர்ப் புற்று) போன்று குடலை உள்ளே இழுக்கும் முனைக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விட்டுவிட்டு விலாப்பக்கம் வலிக்கிறது என்றால் வலிக்கும் நேரத்திலேயே அனுப்புங்கள். சிறுநீரகக் குழாய் மடங்கி வீங்குவது வலி நின்றதும் வடிந்துவிடும், மறுநாள் நாங்கள் "நார்மல்" என்று எழுதித் தந்துவிடுவோம்.