சித்திரை நட்சத்திரம் 4 நிமிடம் பிந்தி வருகிறது, எங்கே பிழை?

ஹட்டன் ஆசிரியர்:
வணக்கம். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பழைய தொலைநோக்கியும் ஒரு வான வரைபடப் புத்தகமும் அன்பளிப்பாகக் கிடைத்தன. நட்சத்திர நேரத்தை (நட்சத்திரங்களின் சுழற்சியை வைத்துக் கணக்கிடும் நேரம்) போனில் பார்த்து, புத்தகத்தில் உள்ள எண்களுக்குத் தொலைநோக்கியின் அளவு வட்டங்களைத் திருப்பினால் எதுவும் தெரிவதில்லை. நட்சத்திரத்தோடு சேர்த்துத் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், ஏறக்குறைய 4 நிமிடத்தில் சித்திரை பார்வையின் நடுக்கோட்டைக் கடக்கிறது, அதுவும் கொஞ்சம் தெற்கே ஒதுங்கி. மகமும் அப்படியே.

துருவ நட்சத்திரம் இங்கே 7 பாகை உயரத்தில்தான். எதிர்மலை மறைத்துவிடும். அதனால் தொலைநோக்கியின் தாங்கியை வடக்குக்குச் சரியாக வைக்கவில்லை என்று நினைத்து மூன்று இரவு அதையே திருகினேன். பிள்ளைகள் குளிரில் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதுதான் மனசுக்குக் கஷ்டம்.

பண்டாரவளை:
சேர், தாங்கியைத் தொட வேண்டாம். அதில் பிழையென்றால் கிழக்கில் ஒரு அளவும் மேற்கில் வேறு அளவும் விலகும். உங்களுக்கு இரண்டு நட்சத்திரமும் ஒரே பக்கம், ஒரே அளவு. புத்தகத்தில் 1950.0 என்று, அதாவது எண்கள் 1950ஆம் ஆண்டுக்கானவை என்று, எங்காவது போட்டிருக்கிறதா?

ஹட்டன் ஆசிரியர்:
முதல் பக்கத்திலேயே இருக்கிறது! சித்திரைக்குக் கிழக்கு-மேற்கு எண் 13 மணி 22.6 நிமிடம், வடக்கு-தெற்கு எண் −10 பாகை 54 கலை. நட்சத்திரம் நகர்ந்துவிட்டதா?

பண்டாரவளை:
நகர்ந்தது நம்முடைய அச்சு. பூமி இடுப்பில் பருத்தது. பூமத்திய ரேகை விட்டம் துருவ விட்டத்தைவிட 43 கிலோமீட்டர் அதிகம். அந்தப் பருமனைச் சந்திரனும் சூரியனும் இழுப்பதால், சாய்ந்து சுற்றும் பம்பரத்தின் தலைபோல அச்சு மெல்ல வட்டமிடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டு, அதாவது 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ஒரு பாகை என்றால் உங்கள் 4 நிமிடம்.

2000ஆம் ஆண்டுக்கான அட்டவணையில் சித்திரை 13 மணி 25.2 நிமிடம், −11 பாகை 10 கலை. அதற்குப் பிறகு மணி எண்ணோடு ஆண்டுக்கு 3 வினாடிக்குச் சற்று மேல் கூட்டுங்கள்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இதைக் கண்டுபிடித்ததும் இதே சித்திரையை வைத்துத்தான். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இன்னொரு கிரேக்கரான திமோகாரிஸ் அளந்ததோடு ஒப்பிட்டபோது 2 பாகை வித்தியாசம் வந்தது.

நுவரெலியா அக்கா:
தம்பி, பிள்ளைகளுக்குப் பஞ்சாங்கத்தையும் காட்டுங்கள். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் பொங்கல் வைப்பது ஜனவரி 14, 15இல். அந்த இடைவெளியும் இதே அச்சு ஆட்டத்தால் சேர்ந்ததுதான். அதைப் பாகையில் சொன்னால் அயனாம்சம் என்று பெயர், இப்போது சுமார் 24 பாகை.

ஹட்டன் ஆசிரியர்:
நேற்று மழை விட்டதும் புது எண்களை வைத்தேன். சித்திரை நீலவெள்ளையாக நடுவிலேயே நின்றது. முதலில் பார்த்தது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. கண்ணை எடுக்கவே இல்லை. அக்கா, அண்ணே, இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை பஞ்சாங்கத்தோடு வகுப்பு.