'ஏய், என்னுது!' - பால்வாடியில் பிள்ளைகள் பிள்ளைகளிடம் கற்ற பேச்சு

நொய்யல்காரி:
திருப்பூர்ப் பக்கம் அங்கன்வாடியில் வேலை எனக்கு. பனியன் கம்பெனிக்கு வந்த பீகார் குடும்பத்துப் பையன், மூன்று வயது. நாலு மாதம் வாயே திறக்கவில்லை. படம் காட்டி யானை, பூனை என்று தொண்டை வற்றக் கத்தினேன். ம்ஹூம். ஒருநாள் பக்கத்திலிருந்த பாப்பா அவனுடைய சிவப்புக் கட்டையை எடுத்துவிட்டாள். எழுந்து நின்றான். இடுப்பில் கை வைத்து, "ஏய், என்னுதூ!" என்றான். அந்த இழுவை, அந்தக் கை, எல்லாம் அப்படியே அவளுடையது! நான் சொல்லிக் கொடுக்காத சொல். அந்த நாலு மாதமும் அவன் என்னதான் செய்துகொண்டிருந்தான்?

பொள்ளாச்சி அப்பா:
கேட்டுக்கொண்டிருந்திருப்பான், வேறென்ன. ஆனால் கூட்டாளிகள் கற்றுத் தருவதெல்லாம் நல்லதில்லை. வீட்டில் 'பழம்' என்று சுத்தமாகச் சொன்ன என் மகள், பால்வாடி போன மாதமே 'பளம்' என்றாள். இன்னும் மாறவில்லை.

மதுரைப் பாட்டி:
பொள்ளாச்சித் தம்பி, ழகரம் மெதுவாகத்தான் வரும், விடுங்கள். என் பேரனும் மூன்று வயது வரை 'ம்ம்' மட்டும்தான். பள்ளிக்குப் போனான், பேசினான். அதற்காக, கூட்டத்தில் சேர்ந்தால் தானாகப் பேசிவிடும் என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் காதைச் சோதியுங்கள். அப்புறம், வீட்டில் தன் மொழியில் பேசுகிறானா என்று கேளுங்கள். பேசினால், இது புது மொழிக்கு முந்திய மௌனம். சில மாதம்கூட இருக்கும். வட்டமாக உட்காரவைத்துப் பாட்டுச் சொன்னால் மட்டும் போதாது. இரண்டு பேருக்கு ஒரே வாளி கொடுங்கள், கேட்டுத்தானே வாங்க வேண்டும்! நிகராகுவா நாட்டில் 1977க்குப் பிறகு காது கேளாத பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கப் பழக்க, பிள்ளைகளோ விளையாட்டிலும் பேருந்திலும் தங்களுக்குள் ஒரு சைகை மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள்தான் அதை இன்னும் வளர்த்தார்கள்.

நொய்யல்காரி:
காது சரிதான் பாட்டி. வீட்டில் போஜ்பூரியில் வாய் ஓயாதாம், அவன் அம்மா சொன்னார். நேற்று அந்தப் பாப்பா கட்டையை அவனிடம் நீட்டி, "லே" என்றாள். அவன் மொழியில் 'இந்தா, எடுத்துக்கோ'!