ரேடியோஹெட்டை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ராக் இசை கேட்கும் நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் நீளமான பாடல்களை மணிக்கணக்கில் கேட்பேன். லெட் செப்பெலினும் குயினும் கேட்டவுடனே பிடித்துப்போனவை. ஆனால் இத்தனை பேர் கொண்டாடும் ரேடியோஹெட் என்ற ராக் இசைக்குழு மட்டும் மனதில் ஒட்டவே இல்லை.

1997-இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தில் ஜானி கிரீன்வுட்டின் கிட்டார் அருமை, அதில் சந்தேகமே இல்லை. தாம் யார்க் இழுத்து இழுத்துப் பாடத் தொடங்கியதும்தான் மனம் விலகிவிடுகிறது. 2000-இல் வந்த 'கிட் ஏ' இன்னும் கடினம். கிட்டாரைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மின்னணு ஒலிகளுக்குப் போய்விட்டார்கள்; எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்றே தெரியவில்லை.

கேட்கக் கேட்கப் பிடித்துவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைச் செய்து பார்த்தாயிற்று. குரலை விட்டுவிட்டு எதைக் கவனிக்கலாம்? பில் செல்வேயின் டிரம்ஸையா, பேஸ் கிட்டாரையா? 2007-இல் வந்த 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தில் தொடங்கினால் சரியாக வருமா, இல்லை மேடைப் பதிவுகள் நல்லதா? முதலில் பிடிக்காமல் இருந்து அப்புறம் ரசிகரானவர்கள் இருந்தால், எந்தப் பாட்டில் அது மாறியது என்று அவசியம் எழுதுங்கள். இந்த இசையை உண்மையாகவே ரசிக்க ஆசைப்படுகிறேன்.